கருநாக்கிழங்கின் பக்குவத்தை வெற்றிக் கல்லில் வெட்டியது குறித்து வடகரைக் கோட்டத்து விண்ணப்பம்

மழை தவறினும் நீதி தவறாத மருதவேலி நாட்டின் முடியுடைத் தலைவி, ஏழு கோட்டங்களுக்கும் தாயாகிய கோப்பெருந்தேவி இளவெயினியாரின் திருவடிக்கு, வடகரைக் கோட்டத்து அதிகாரி எயினன் சேந்தன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தேவியாரின் கொற்றம் நிலைக்க. கோநகரின் களஞ்சியங்கள் நிறைக. அங்குள்ள குழந்தைகள் எல்லாம் வயிறு நிறைந்து உறங்குக. இங்கே அவ்வாறு இல்லாமையால் இதனை எழுதத் துணிந்தேன்.

மூன்றாம் ஆண்டாக மழை இல்லை. விதைநெல்லையும் உண்டு தீர்த்த குடிகள் காட்டுக்குள் புகுந்து கருநாக்கிழங்கைத் தோண்டத் தொடங்கினர். பஞ்சத்திலும் பருத்து விளையும் அக்கிழங்கு, பக்குவம் அறியாமல் உண்டால் நாக்கைக் கறுக்கச் செய்து உயிரைக் குடிக்கும். ஆனி பிறந்தது முதல் நூற்றுப் பன்னிருவர் மாண்டனர். புன்னைவாயில் என்னும் சிற்றூரில் ஒரே அடுப்பில் சமைத்து உண்ட ஒன்பது பேரையும் ஒரே குழியில் இட்டோம். மண் தள்ள அவ்வீட்டில் எவரும் எஞ்சவில்லை, நானே தள்ளினேன்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. அந்நஞ்சை நீக்கும் வழி நாம் அறியாதது அன்று. அறிந்து, கொண்டாடி, பின் தொலைத்தது.

எங்கள் சந்தையில் வெள்ளையடித்த நெடுஞ்சுவர் ஒன்று உண்டு. எவரும் அதில் கரியால் எதனையும் எழுதலாம். படித்து மகிழ்ந்தோர் அருகில் செம்மண் பொட்டு இடுவர். எட்டாம் நாள் சுவர் மீண்டும் வெளுக்கப்படும். நான்கு ஆண்டுகளுக்கு முன் மாயிலி என்னும் வேட்டுவப் பெண், தன் குடியார் அறிந்த பக்குவத்தை அச்சுவரில் எழுதுவித்தாள். அந்த எட்டு நாளும் ஊரில் வேறு பேச்சில்லை. பொட்டு இட்டு இட்டுச் சுவரின் அடி சிவந்தது. பின்னர் கோழிப்போர்ச் செய்தி ஒன்று வந்தது. பக்குவத்தின்மேல் சுண்ணாம்பு ஏறியது.

ஓலைச்சாலையில் அதற்கொரு படி இருந்ததை மிகப் பிந்தியே அறிந்தேன். காப்பாளர் வெண்கூத்தனார் அதற்கு 'மாயிலி வாக்கு' என்று பெயரிட்டுப் புலவர் பாடல்களோடு கட்டி வைத்திருந்தார். பசித்தவர் மாயிலியைத் தேடியா வருவார்? கிழங்கைத் தின்னலாமா என்று கேட்டு வந்த நாற்பது பேரை, அப்படியோர் ஓலை இல்லை என்று திருப்பி அனுப்பியதாக அவர் என்முன் அழுதார். நாங்கள் அதனை அவிழ்த்தபோது பாதி செல்லரித்திருந்தது. அவரை நான் கடியவில்லை. சுவரில் பொட்டு இட்டுச் சென்றவர்களில் நானும் ஒருவன்.

மலையேறி மாயிலியைக் கண்டேன். அவள் சொல்லைத் திருத்தாமல் எழுதுகிறேன், தேவியார் பொறுத்தருள்க.

“சொன்னப்போ செம்மண்ணு வச்சிட்டுப் போனீங்க. ஒருத்தராச்சும் மனசுல வச்சீங்களா? என் அண்ணன் மக, பக்குவம் பழகுறதுக்கு முன்னயே, புன்னைவாயில்லதான் வாக்கப்பட்டா” என்றாள்.

நான் அவள் காலில் விழுந்தேன்.

“எந்திரிங்க. விழுந்து என்ன ஆவப்போவுது? எழுத ஆள் இருக்கா?”

சீவி, சாம்பல் பிசறி, மூன்று நாள் ஏழு நீர் மாற்றி, வெயிலில் உலர்த்தும் முறையை முழுதும் சொன்னாள். வெண்கூத்தனார் ஓலையின் தலையில் கிழங்கின் பெயரை எழுதப் புக, அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். “பேரு தெரிஞ்சவ ஏன் சாவுறா? பசிச்சு வர்றவ என்ன கேப்பாளோ அதை மேல எழுதுங்க” என்றாள்.

ஓலையை இன்னொரு கட்டுக்குள் புதைக்க எனக்கு மனம் வரவில்லை. காட்டு வழிகள் ஐந்தனுள் இரண்டின் தலைப்பில் தேவியாரின் தந்தையார் நாட்டிய வெற்றிக் கற்கள் நின்றன. அரசாணையின்றிக் கல்லில் எழுத்து வெட்டுவோர் கையிழப்பர் என்பது சட்டம், அறிவேன். வேறு கல் தேடவும் செதுக்கவும் நாள் இல்லை. இரு கற்களிலும் போர்ப்புகழைச் சுரண்டச் செய்து, ‘இந்தக் கிழங்கைத் தின்னலாமா?’ என்று பெரிதாக மேலே வெட்டி, பக்குவத்தைக் கீழே வெட்டுவித்தேன். முதல் உளியை நானே அடித்தேன், கல்தச்சன்மேல் குற்றமில்லை.

பதினொரு நாளாயிற்று. அவ்விரு வழிகளில் கிழங்கெடுத்த ஊர்களில் ஒரு சாவும் இல்லை. கல் இல்லாத மூன்று வழிகளில் இதற்குள் பத்தொன்பது பேர் போயினர். பறையறைந்தும் சொல்லுவித்தேன், கேட்டவர் இருபது பேர் என்றால் மறுநாள் முறை பிறழாமல் சொல்லத் தெரிந்தவர் மூவரே. எங்கள் கோட்டத்தில் இருந்த ஒரே கல்தச்சனும் காய்ச்சலில் கிடக்கிறான்.

ஆதலால் கோயில் மதில்களிலும் கிணற்றுக் கற்களிலும் இதனை வெட்ட ஆணை வேண்டும். சுவரை வெளுக்கும் முன் உயிர்காக்கும் சொற்களைப் பிரித்து, கேட்போர் கேட்கும் கேள்வியையே தலைப்பாக்கி ஓலைச்சாலையில் வைக்கவும் ஆணை வேண்டும். அவை வரும்வரை இக்கோட்டத்து ஊர்த்தலைவர்க்கு என் ஆணை: இருக்கும் இரு கற்களையும் எவரும் தொடற்க, படியெடுக்க வருவோரை எவரும் தடுக்கற்க.

மீன்வால் இலச்சினை இட்டு, ஆடித் திங்கள் ஒன்பதாம் நாள் விடுத்தேன். சட்டப்படி என் கையைக் கொள்ள ஆள் விடுவதாயின், தேவி, அவனோடு கல்தச்சர் பதின்மரையும் சேர்த்து விடுக.