மாலை ஆறு மணி, நான்கு டிகிரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே உடம்புக்கு எல்லாரும் சுகம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை உங்கள் எண்ணை அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் நானே துண்டித்துவிட்டேன். அதனால்தான் பத்து வருஷத்துக்குப் பிறகு தபால் உறை வாங்கியிருக்கிறேன்.

மாற்றலாகிப் போன இடத்தில் உங்களை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் உங்களைத் திட்டிய முதல் ஆள் நான்தான். ஒளிப்பானேன்? நம் தடுப்பூசிக் கிடங்கில் உங்கள் கடைசி நாள். அன்று மாலை பெரிய ஃபிரிட்ஜில் நான்கு டிகிரி என்று உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது. மறுநாள் காலை கதவைத் திறந்தால் பதினான்கு. முந்தின நாள் மத்தியானம் மூன்று மணிக்கே மோட்டார் நின்றுவிட்டது என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அறுநூறு குப்பிகளையும் அழித்தோம். நல்லவேளை, ஒரு துளிகூட எந்தக் குழந்தையின் உடம்பிலும் ஏறவில்லை.

பார்க்காமலே நான்கு என்று போட்டிருக்கிறார் என்று விசாரணையில் முடிவு கட்டிவிட்டார்கள். என் மகள் அதைக் கேட்டுக் கொதித்துப்போனாள். "நம்ம குட்டிக்குப் போட்ட ஊசியும் அங்கேருந்துதான் வந்துச்சு. ஊசி விஷயத்துல பொய் எழுதுற மனுஷன்கிட்ட எனக்கு என்ன பேச்சு" என்றாள். பதினோரு நாளாக அவள் உங்கள் போனை எடுக்காததற்குக் காரணம் இதுதான். நானும் சும்மா இருக்கவில்லை. "முப்பத்தோரு வருஷம் நான் காப்பாத்தின பேர்ல கரி பூசிட்டுப் போயிட்டாரே" என்று எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினேன். இந்த வாய் இருக்கிறதே!

போன செவ்வாய்க்கிழமை கிடங்கில் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டை உதறினேன். மடித்த சீட்டு ஒன்று விழுந்தது. கம்ப்யூட்டரில் பதிவு போட உங்களுக்குச் சாவியாகக் கொடுத்த பன்னிரண்டு சொற்கள், உங்கள் கையெழுத்தில். பக்கத்தில் கிடந்த அட்டைப் பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று பன்னிரண்டு மணிக்கு, "பெட்டி கட்டணும் மாமா, அரை நாள் லீவு எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பறேன்" என்றீர்கள். கடைசி நாளில் என்ன லீவு, சாயங்காலப் பதிவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உங்களைத் தள்ளாத குறையாக அனுப்பினேன். உங்கள் பன்னிரண்டு சொல்லைக் கேட்டு வாங்கியதும் நான்தான். அதை யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்னார்களே என்று நீங்கள் தயங்கினீர்கள். "மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவுல என்ன பூட்டு, என்ன சாவி" என்று சிரித்தேன்.

ஆறு மணிக்கு உங்கள் சொற்களைத் தட்டினேன். நான்கு என்று போட்டேன். ஃபிரிட்ஜ் இருபது அடி தள்ளி இருந்தது. எழுந்து போகவில்லை. காகித நோட்டு இருந்த காலத்தில் ஒருவர் வராவிட்டால் அவர் கையெழுத்தை இன்னொருவர் போடுவது நம் கிடங்கில் வழக்கம்; டிகிரியும் எப்போதும் நான்குதான். காலையில் பல் தேய்த்ததை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? நான் போட்டதே எனக்கு மறந்துபோயிற்று. விசாரணைக் காகிதத்தில் 'மாலைப் பதிவு' என்றுதான் இருந்தது. நீங்கள் மத்தியானமே போட்டுவிட்டுப் போயிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். சீட்டைப் பார்த்த பிறகுதான் கம்ப்யூட்டரில் நேரத்தைத் தேடினேன். மாலை ஆறு மணி.

புது பிளாக்செயின் பதிவுக்கு நமக்குப் பயிற்சி கொடுத்தாளே, அந்தப் பெண்ணிடம் ஓடினேன். ஒரே ஒரு வரி, அழித்துவிடம்மா என்றேன். அவள் நான் விளையாடுவதாக நினைத்துச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்த பிறகு நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். பயிற்சி நாளில் கடைசி வரிசையில் தூங்கியவனுக்குத் தனி வகுப்பு நடந்தது.

பிளாக்செயின் என்றால் ஏதோ பெரிய பூட்டு என்று நினைத்திருந்தேன். அது ஒரு நோட்டுதானாம். ஆனால் ஒரே நோட்டு ஒன்பது இடத்தில் இருக்கிறது. மருந்து செய்கிற இடம், துறைமுகம், தலைமை அலுவலகம், நம்மைப் போன்ற கிடங்குகள், நீங்கள் இப்போது போயிருக்கும் கிடங்கும் சேர்த்து ஒன்பது. இங்கே ஒரு வரி எழுதினால் ஒன்பதிலும் விழும். அங்கே உங்களை எப்படிப் பிடித்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சரி, நம் நோட்டில் மட்டும் திருத்தினால் என்ன என்றேன். "உங்க வீட்டுச் சண்டை ஒன்பது வீட்டுக்கும் கேட்டாச்சு சார். ஒரு வீட்டுக்கு மட்டும் போய் அப்படி ஒண்ணும் நடக்கலைன்னா மத்த எட்டு வீடும் சும்மா இருக்குமா" என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். ஒவ்வொரு பக்கத்தையும் பிழிந்து ஒரு எண் எடுத்து அடுத்த பக்கத்தின் தலையில் எழுதிவிடுகிறார்கள். பழைய பக்கத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும். அடுத்த பக்கத்தோடு பொருந்தாது. அதைச் சரிக்கட்டப் போனால் அதற்கடுத்த பக்கம் இடிக்கும். சங்கிலி என்று சொல்வது அதைத்தானாம்.

இத்தனை கெட்டிக்கார நோட்டு பொய்யை எப்படி ஏற்றுக்கொண்டது என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. "அது பொய் பிடிக்கும்னு யார் சார் சொன்னது? போட்டதை மாத்த விடாது, அவ்வளவுதான். பொய்யைப் போட்டா பொய்யைத்தான் பத்திரமா வெச்சிருக்கும். யார் சாவின்னு அதுக்குத் தெரியும், யார் கைன்னு தெரியாது" என்றாள். அந்தக் கையைப் பார்த்தபடியே வீட்டுக்கு நடந்தேன்.

அழிக்க முடியாது, கீழே புது வரி சேர்க்கலாமாம். புதன்கிழமை காலை சேர்த்தேன். என் சொந்தப் பன்னிரண்டு சொல்லில், அந்த மாலைப் பதிவைப் போட்டவன் நான், ஃபிரிட்ஜைப் பார்க்காமல் போட்டேன் என்று எழுதினேன். ஒன்பது இடத்திலும் விழுந்திருக்கும். ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம். அதற்கு முன்பே என்னை வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள். அது போகட்டும்.

ஆனால் மேலதிகாரி நம்பவில்லை. "மருமகனைக் காப்பாத்த மாமனார் பழியை ஏத்துக்கிறார்னுதான் பேசுவாங்க. ஆறு மணிக்கு அவர் இங்க இல்லைன்னு ஆதாரம் ஏதாவது இருக்கா" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் என்னைத் திட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவர் விமானம் எத்தனை மணிக்குக் கிளம்புச்சுப்பா" என்று மட்டும் கேட்டாள்.

நான்கு நாற்பதுக்கு.

மாப்பிள்ளை, அந்த டிக்கெட் உங்களிடம்தானே இருக்கிறது? அதை நீட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் வெளியே வந்திருப்பீர்களே. சீட்டு யாரிடம் இருந்தது என்று முதல் நாளே உங்களுக்குத் தெரியும். விசாரணையில் "என் சாவிதான், பொறுப்பும் என்னுதுதான்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டீர்களாம். வேலை நின்றது, பெண்டாட்டி பேசவில்லை, மாமனார் ஊரெல்லாம் ஏசுகிறான். அப்போதும் நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்படியும் ஒரு மனிதனா என்று மலைத்துப்போயிருக்கிறேன்.

வயதில் மூத்தவன் மன்னிப்புக் கேட்டால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். இருக்கட்டும். மன்னித்துவிடுங்கள். டிக்கெட்டைக் காட்டுங்கள். இன்றைக்கே காட்டுங்கள். என்னைக் காப்பாற்றியது போதும். மகள் இரண்டு நாளாகப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளாகக் கூப்பிட வெட்கம். நீங்களே முதலில் கூப்பிடுங்கள், இந்த முறை முதல் மணியிலேயே எடுப்பாள்.

நீங்கள் நீடூழி நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டும்
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உங்கள் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கிழித்துப்போட எனக்கு உரிமை இல்லை. இனி யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நான் கேட்டாலும்.