லைவில் கேட்ட கேள்வி

ஜூலை 7, திங்கள்
நாங்கள் குடியிருக்கும் மராத்திப் பேட்டை, ஔந்தில் விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. வீடெல்லாம் ஈர வாடை.

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. நான் செய்த குற்றம்: கோயம்புத்தூர் காலேஜில் இடம் கிடைத்ததைச் சந்தோஷமாகச் சொன்னது. "நீ போயிட்டா சேனல் என்ன ஆறது?" அதுதான் கடைசியாகச் சொன்னது. இப்போது எல்லாம் அப்பா வழியாக. "உங்க பொண்ண டவல எடுக்கச் சொல்லுங்க." நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்!

சாயங்காலம் எங்கள் குடும்ப சேனலுக்கு ரீல். மழைக்கு மிளகாய் பஜ்ஜி. அப்பா மொபைலைத் தூக்கியதும் அம்மா, "செல்லம், ஆ காட்டு." மூன்று டேக். நாக்கு வெந்துவிட்டது. பஜ்ஜி பிரமாதம், பொய் சொல்லக் கூடாது.

ஜூலை 8, செவ்வாய்
பஜ்ஜி ரீலுக்கு ஒரு கமெண்ட்: இப்படி அம்மா கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும். ஸ்நேஹாவுக்கு ஹிந்தியில் சொன்னேன். பள்ளித் தோழி, இதே ஊரில் விஷ்ராந்த்வாடிப் பக்கத்துக்காரி, தமிழ் தெரியாது, எங்கள் வீட்டு லட்சணம் தெரிந்த ஒரே ஆள். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள், கேமரா முன்னால் உன் அம்மா எதற்காவது முடியாது என்று சொன்னதுண்டா?

யோசித்தேன். ஒரு தடவைகூட இல்லை. அட!

காலேஜுக்கு வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும். சேனலில் அடுத்த லைவ் வியாழன்.

ஜூலை 10, வியாழன்
மெரூன் சுடிதார். அம்மா கட்டிலில் எடுத்துப் போட்டிருந்தாள், பேசாமல். லைவில் சாம்பார்ப் பொடிக்கு வறுத்தோம். மல்லி வாசனை வந்த நேரம் கேட்டுவிட்டேன்.

"அம்மா, நான் கோயம்புத்தூர் போய்ப் படிக்கட்டுமா?"

கரண்டி நின்றது. சிரிப்பு அப்படியே இருந்தது. திரையில் ஹார்ட்டாகப் பறந்தது.

"போயிட்டு வாடா செல்லம். அம்மா என்னிக்கு உன்னத் தடுத்திருக்கேன்?"

மொபைலுக்குப் பின்னால் அப்பா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வாயே திறக்காத மனுஷன்!

லைவ் முடிந்ததும் அடுப்பை அணைத்தாள். "மாட்டி விட்டுட்டல்ல?" என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. அறைக்கு வந்து, சேர வருகிறேன் என்று காலேஜுக்கு மெயில் அனுப்பிவிட்டேன்.

மல்லி கருகிவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு
ரயிலில். எழுத்து ஆடுகிறது. ஸ்டேஷனில் அம்மா கட்டிப்பிடித்து அழுதாள், அப்பா வீடியோ எடுத்தார். முகத்தை இந்தப் பக்கம் திருப்பு, இன்னொரு டேக் என்றாள். சிக்னல் விழுந்துவிட்டது, நான் ஏறிவிட்டேன். ஜன்னலில் கொஞ்சம் அழுதேன். அதை யாரும் எடுக்கவில்லை.

தௌண்ட் ஸ்டேஷன். வடாபாவ் இரண்டு. ஸ்நேஹாவுக்கு மெசேஜ்.

அம்மாவிடமிருந்து: சீட்டில் உட்கார்ந்து சிரித்த மாதிரி ஒரு வீடியோ அனுப்பு.

வாய் நிறைய வடாபாவ். சிரிக்கத் தோன்றவில்லை. முகத்தை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டேன். சுகமாக இருக்கிறது.