எந்தக் கிழமைப் பச்சை?

ஜனவரி 6, திங்கள்

இன்றும் அதே சண்டை. ஏரிப் பாசனச் சங்கத்துக்கு நாங்கள் செய்துகொண்டிருக்கும் மேப்பை எதில் செய்வது என்று. கேட்டால் சின்ன வேலை. ஏரித் தண்ணீர் பாயும் வயல் எல்லாம் போனில் தெரிய வேண்டும். இன்றைக்கு யாருக்குத் தண்ணீர் முறையோ அவர் வயல் மட்டும் பச்சையாகத் தெரிய வேண்டும். ஆப் கூடாது, லிங்கைத் தொட்டால் பிரவுசரில் சட்டென்று திறக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதற்கு என்னோடு வேலை செய்கிற வசந்த்குமார், முப்பரிமாணத்தில் வரைகிற வெப்ஜிஎல் வேண்டும் என்கிறான். விரலால் சுழற்றினால் மேப்பும் சுழலுமாம். எவன்டா வயலைச் சுழற்றிப் பார்க்கப் போகிறான்?

தட்டையாக வரைகிற கேன்வாஸே போதும் என்றேன். முதலாளி கோபால் சார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீ சொல்லி அனுப்பினார். உத்திரமேரூரில் உரக்கடை மாடியில் மூன்று பேர் உட்காருகிற ஆபீஸ். அதில் இரண்டு கட்சி, ஒரு நடுவர்.

ஜனவரி 8, புதன்

நைனா சேற்றுக் காலோடு நடுவீடு வரை வந்துவிட்டார். நான் இப்போதுதான் துடைத்தேன். கத்தினேன். வெளியே போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்து, "உன் மேப்பு எப்பம்மா வரும்?" என்றார்.

இத்தனை வருஷம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்ட மனுஷன், முதல் தடவையாகக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். அதுவும் கடைமடை. மேலே எல்லோரும் பாய்ச்சி மிச்சம் வந்தால்தான் உண்டு. சங்கம் சனிக்கிழமையை அவருக்கு ஒதுக்கியிருக்கிறது. மேப்பில் பச்சையாகத் தெரிந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். என் அப்பா ஆல்பர்ட் தனக்கென்று விதைத்த முதல் நாற்று. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜனவரி 9, வியாழன்

ஆபீஸ் லேப்டாப்பில் வசந்தின் மேப் பறக்கிறது. வாய்க்கால் கரைக்குப் போய், சங்கச் செயலாளர் மோகன் அண்ணனுடைய போனில் திறந்தால் — வெள்ளைத் திரை. போன் சுட்டதுதான் மிச்சம்.

சிரித்தேன். அடுத்து என்னுடையது. வயல் எல்லாம் வந்தது. விரலை நகர்த்தினால் மேப் யோசித்து யோசித்து வருகிறது. "படம் கீது, ஆனா நவுரலியேம்மா" என்றார் மோகன் அண்ணன்.

இப்போது வசந்த் சிரித்தான்.

ஜனவரி 13, திங்கள்

ஜெயித்துவிட்டேன்! மொத்த வயலையும் வரையாமல், திரையில் தெரிகிற வயல்களை மட்டும் வரைய வைத்தேன். மோகன் அண்ணன் போனிலேயே ஓடுகிறது. எந்த வயலைத் தொட்டாலும் யாருடையது என்று பெயர் வருகிறது. சார் கேன்வாஸ் என்று முடிவு சொல்லிவிட்டார். வசந்த் தனியாகப் போய்ச் சாப்பிட்டான். சாப்பிடட்டும்.

ஜனவரி 16, வியாழன்

மதகு திறந்தாயிற்று. மேப்பும் திறந்தது, எல்லோர் போனிலும்.

ஜனவரி 18, சனி



மதியம் நைனா வந்தார். காலெல்லாம் புழுதி. தண்ணி வரலை என்றார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மேல் வயல் சுப்பிரமணி அண்ணன் மடை திறந்து கிடக்கிறது, அவர் வரப்பில் நிம்மதியாக நிற்கிறார். அவர் முறை வியாழக்கிழமையோடு முடிந்தது. கேட்டேன். கோபமே இல்லாமல் போனை எடுத்து நீட்டினார்.

"பாரும்மா, நீ போட்ட படம்தானே? எங்க வயலு பச்சையா கீது."

பச்சைதான். நான்தான் தப்பாகப் போட்டுவிட்டேனா? வயலைத் தொட்டேன். பெயர் வரவில்லை. இன்னொரு வயல் — வரவில்லை. அது மேப்பே இல்லை. வியாழக்கிழமை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊர்க் குரூப்பில் போட்ட படம்! ஊர் முழுக்க அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது.

"லிங்க் இன்னாத்துக்கும்மா? அதான் படமே வந்துக்கினு கீதே."

ரேஷன் அரிசி வந்தது, கரண்ட் கட், சாவுச் செய்தி, எல்லாமே இங்கே படமாகத்தான் சுற்றுகிறது. நானே அப்படித்தான் அனுப்புகிறேன். அது என் மண்டையில் ஏறவில்லையே! எந்தப் போனில் எத்தனை வேகம் என்று அளந்துகொண்டு கிடந்தேனே!

விஷயம் தெரிந்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "தெரிஞ்சி தொறப்பனா நானு?" உடனே மடையை அடைத்தார். அதற்குள் அன்றைக்கு மதகையும் மூடிவிட்டார்கள்.

நைனா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

ஜனவரி 20, திங்கள்

வெப்ஜிஎல்லும் வேண்டாம், கேன்வாஸும் வேண்டாம் என்றேன். தினமும் விடியும்போது சர்வரே ஒரு படம் வரைந்து வைக்கட்டும். லிங்கைத் தொட்டாலும் அதே படம்தான் திறக்கும், குரூப்புக்கும் அதுவே போகும். வயல்கள் மேலேயே தேதியும் கிழமையும் கொட்டை எழுத்தில். மூலையில் போட்டால் வெட்டிவிட்டு அனுப்புவார்கள், எனக்குத் தெரியும்.

"இதுக்கா அக்கா, ரெண்டு வாரம் அடிச்சிக்கினோம்?" என்றான் வசந்த். ஆனால் எழுத்து மறைக்காமல் வயல் எல்லை தெரிகிற மாதிரி செய்தது அவன்தான்.

ஜனவரி 22, புதன்

நாற்றங்காலில் பாதி நாற்று மஞ்சளாகப் பழுத்துவிட்டது. "இந்த வாரமும் வர்லனா வுட்டுட வேண்டியதுதாம்மா" என்கிறார் நைனா. நாற்று போனால் இந்தப் போகமே இல்லை. அடுத்த தடவை யார் அவருக்குக் குத்தகைக்குக் கொடுப்பார்கள்?

ஜனவரி 25, சனி

காலையில் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. வீட்டை இரண்டு தரம் துடைத்தேன்.

எட்டு மணி வாக்கில் ஒரு மெசேஜ். நான் செய்த படமே எனக்கு ஃபார்வர்டாக வந்திருக்கிறது, குறுக்கே பெரிதாகச் 'சனி'. அனுப்பியவர் சுப்பிரமணி அண்ணன். கூடவே குரல் பதிவு: "இன்னிக்கி உங்க நைனாவுது. நான் மடைய அடச்சிட்டேன்."

மதியம் நைனா வந்தார். முழங்கால் வரை சேறு. துடைத்த தரையில் நேராக நடந்து அடுப்படிக்கே போய், சோறு கேட்டார்.

முதலில் சோற்றைப் போட்டேன்.