பகேரியாவில் நீங்கள் சொன்ன ‘ஓம்’

என்ரை இஞ்சாருங்கோ,

பதினைந்து வருடமாக உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். நீங்கள் கண்மூடி ஐந்து மாதமான பிறகும் வேறு சொல் வரவில்லை.

போன ஞாயிறு கோயிலில் உங்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தோம். முடிந்ததும் மண்டபத்தில் எல்லாரும் உங்களைப் புகழ்ந்தார்கள். பெண்சாதியை ஒரு சொல் அதட்டாத மனுசன் என்றார்கள். உண்மைதான், நீங்கள் அதட்டியதில்லை. நான் தலையாட்டிக்கொண்டே தேத்தண்ணி கொடுத்தேன். பிறகு உங்கள் பெரியப்பா மகன் யேசுதாசன் அத்தான் என்னைத் தனியே கூப்பிட்டு ஒன்று சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதம்.

இத்தாலிக்கென்று பலெர்மோவில் நாங்கள் வந்திறங்கிய முதல்நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? கலியாணம் முடிந்து நாலு மாதம். அந்த நாலு மாதமும் வவுனியாவில் உங்கள் மாமா வீட்டு விறாந்தையில்தான் எங்கள் குடித்தனம். இங்கே வந்தால் கதவு பூட்டுகிற ஓர் அறை கிடைக்கும் என்று நினைத்தேன். விமான நிலையத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஒருபக்கம் கடல், மறுபக்கம் மொட்டை மலை. நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் உங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தலை சுற்றுகிறதாக்கும் என்று நினைத்தேன்.

பஸ் நின்ற இடத்தில் அத்தான் காத்திருந்தார். வீட்டுக்குப் போகிறோம் என்று நம்பியிருந்த என்னை ரயிலில் பகேரியாவுக்குக் கூட்டிப்போனீர்கள். மூன்றாம் மாடி. கதவைத் திறந்த வீட்டுக்காரி சிஞ்ஞோரா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தா. உங்களைப் பார்க்கவே இல்லை. உள்ளே கட்டிலில் அவவுடைய தாய், எழும்ப மாட்டாத கிழவி. சிஞ்ஞோரா சொன்னதை அத்தான் தமிழில் சொன்னார். கிழவியைப் பார்க்கப் பெண் மட்டும் நிற்கலாம். கிழவியின் அறையிலேயே படுக்க வேண்டும். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் வெளியே போகலாம். புருசனுக்கு இங்கே இடமில்லை.

நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்.

“ஓம். அவ நிப்பா.”

எங்கள் இரண்டு பேருடைய உடுப்பும் ஒரே பெட்டிக்குள் இருந்தது. அந்த வீட்டு வாசல் தரையில் குந்தியிருந்து, என் உள்பாவாடைகளுக்கு நடுவிலிருந்து உங்கள் சேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, சிஞ்ஞோரா தந்த கடைப்பைக்குள் வைத்தேன். அவ நின்று பார்த்தா. நீங்கள் எங்கே படுப்பீர்கள் என்று கேட்டேன். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக்கடையில் வேலை, பொடியன்களோடு ஓர் அறை என்றீர்கள். ஒரு மாதம்தான், பிறகு வந்து கூட்டிப்போவேன் என்றீர்கள்.

நீங்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. மனம் மாறி வந்துவிட்டீர்கள் என்று பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“செருப்பை விட்டிட்டன்,” என்றீர்கள்.

பெட்டியைத் திறந்து எடுத்துத் தந்தேன்.

அந்த ஒரு மாதம் ஆறு வருடமானது. நகரத்தின் அந்தத் தொங்கலில் நீங்கள், இந்தத் தொங்கலில் நான். வியாழக்கிழமைகளில் போயிருக்க ஒரு வீடில்லாமல் வுச்சீரியாச் சந்தையின் சந்துகளில் நடந்து திரிந்தோம். கிழவி செத்த பிறகுதான் எங்களுக்கென்று ஓர் அறை. அவ எப்போது கண்மூடுவா என்று, வாயில் சூப்பை ஊட்டிக்கொண்டே நான் காத்திருந்த நாட்கள் உண்டு. அந்தப் பாவத்தை யார் தலையில் வைப்பது?

அப்படியிருந்தும் அந்த ‘ஓம்’ வாய்தவறி வந்தது என்றே நம்பியிருந்தேன். புது ஊர், பாஷை தெரியாது, மனுசன் பயந்துவிட்டார் என்று நினைத்து எப்போதோ மன்னித்தும் விட்டேன். இப்போது அத்தான் சொல்கிறார்:

“பிள்ளை, அவன் வவுனியாவிலை நிக்கேக்கையே அந்த வீட்டு வேலைக்கு எனக்கு ஃபோனிலை ஓம் எண்டு சொல்லிப்போட்டான். தெரிஞ்சால் அவள் வரமாட்டாள், சொல்லிப்போடாதை எண்டவன்.”

இரண்டு பெட்டி வேண்டாம், ஒன்றே போதும் என்றவர் நீங்கள்தானே? உங்கள் சேட்டுகளை மடித்து என் சேலைகளுக்கிடையில் நான் வைக்கும்போது பக்கத்திலிருந்து பார்த்தீர்கள். என்ன நினைத்துக்கொண்டு பார்த்தீர்கள்?

கேட்டிருந்தால் நானும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஊரில் எங்களுக்கு என்ன மிச்சம் இருந்தது? ஆனால் அதை என் வாயால் சொல்லியிருப்பேன். கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்தேன். சூப் வேண்டாம், ஜன்னலைத் திற என்றெல்லாம் சொன்னீர்கள். இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லையா?

இங்கத்தைப் புதினம் ஒன்று. அம்மாவும் அப்பாவும் இந்த நகரத்துக்கு வந்த முதல்நாளைப் பற்றி எழுதிக்கொண்டு வரும்படி மகளுடைய ஆசிரியை சொல்லியிருக்கிறா. கடற்கரையில் இருந்து பொரித்த மீன் சாப்பிட்டோம், அம்மா சிரித்துக்கொண்டேயிருந்தா என்று எழுதி வைத்திருக்கிறாள். நீங்கள் சொல்லிக்கொடுத்த கதை. நீங்கள் அதை அவளுக்குச் சொன்னபோது நானும் மறுக்கவில்லை.

“அம்மா, பப்பா சொன்னது சரிதானே?” என்று கேட்டாள். கொப்பியை வாங்கி, எழுத்துப்பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

எட்டு வயதுப் பிள்ளையிடமிருந்து அவளுடைய தகப்பனைப் பறிக்க மாட்டேன். ஆனால் அவள் வளர்ந்து விளங்குகிற வயதுக்கு வரும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுவேன், இது சத்தியம். நீங்கள் பயந்திருந்தீர்கள் என்பதையும் விடாமல் சொல்லுவேன். அம்மா மன்னித்தாவா என்று கேட்பாள். இல்லை என்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தாய்,
ரெஜினா