வார்டு மறுபடியும் பெண்களுக்கு வந்திருக்கிறது, மதினி

என்னை ஒரு நாளும் சும்மா உட்கார விடாத என் அருமைக் கோமதி மதினிக்கு,

நலமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். போய்ச் சேர்ந்த இடத்திலாவது சும்மா இருக்கிறீர்களா, இல்லை அங்கேயும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் நிற்கிறீர்களா? இங்கே ஜனக்புரிக்கு மெட்ரோ வந்துவிட்டது. நீங்கள் இருந்து பார்த்திருக்கலாம். எனக்கு முழங்கால் போய்விட்டது. படியைக் கண்டாலே ஒதுங்கிப் போய்விடுகிறேன்.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. நம் வார்டு மறுபடியும் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. செய்தியைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, மதினி. அலுப்புதான் வந்தது. திரும்பவும் முதலிலிருந்தா என்று இருந்தது.

அண்ணன் ரிட்டையர் ஆன மறு வருஷம்தானே நீங்கள் நின்றீர்கள்? மற்ற கட்சிக்காரர்களெல்லாம் மனைவிமாரை நிறுத்தினார்கள். போஸ்டரில் கணவன் முகம் பெரிதாக, மனைவி முகம் ஓரத்தில் முக்காடு போட்டுக்கொண்டு. நீங்கள் சுயேச்சை, தையல் மெஷின் சின்னம். கட்டடம் கட்டுகிற ஒரு ஆள் செலவு முழுவதும் தன்னுடையது என்று வீடு தேடி வந்தான். டீ கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். அண்ணனின் பென்ஷனையும் தொட மாட்டேன் என்றீர்கள். "பொம்பளைக நிக்கோம்னா பொம்பளைக காசுலதான் நிக்கணும். பத்து ரூவா தந்தாலும் ரசீது குடுக்கணும்ட்டி" என்று என் சாப்பாட்டு மேஜையை ஆபீஸ் ஆக்கினீர்கள்.

பெண்கள் கொடுத்தார்கள், அதை மறுக்க முடியாது. மளிகையில் மிச்சம் பிடித்தது, கிட்டி பார்ட்டிச் சீட்டில் விழுந்தது, பிறந்த வீட்டில் கொடுத்தது என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். தமிழ், பஞ்சாபி என்று பார்க்கவில்லை. ரசீதில் என்ன பேர் போட என்று கேட்டால் மட்டும் எல்லோரும் ஒரே பாட்டுத்தான். "மிஸஸ் ராமநாதன்னு போடுங்க." "சி பிளாக் மல்ஹோத்ரான்னா போதும், எல்லாருக்கும் தெரியும்." நமக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. பால்காரனிலிருந்து பள்ளிக்கூடம் வரை நாம் அப்படித்தானே இருந்தோம்?

அதோடு விட்டீர்களா! கணக்குச் சுத்தமாக இருக்கிறது, ஊரே பார்க்கட்டும் என்று கொடுத்தவர் பேரையெல்லாம் வரிசையாக எழுதி மார்க்கெட் பால் பூத் சுவரில் ஒட்டிவிட்டீர்கள். ராமநாதன், மல்ஹோத்ரா, பாலசுப்ரமணியன் என்று, மிஸஸ் கூடப் போடாமல். அத்தனையும் மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் பேர். எதிர்க் கட்சிக்காரன் அதை அப்படியே நகல் எடுத்து, சர்க்கார் ஊழியர் தேர்தலுக்குப் பணம் கொடுத்திருக்கிறார் என்று ஒவ்வொரு ஆபீஸுக்கும் மனுப் போட்டான். ஆண்களுக்கு மெமோ வந்தது. ஓட்டுப் போட ஒரு வாரம் இருக்கும்போது நம் வாசலில் கூட்டம்.

மிஸஸ் ராமநாதன் அழுதேவிட்டாள். "மதினி, எங்க வீட்ல ப்ரமோஷன் லிஸ்ட்ல இருக்காவ. தயவு செஞ்சு பேரை அடிச்சிருங்க."

"அடிச்சிருதேன். நீங்கதான குடுத்தீங்க, உங்க பேரை எழுதுதேன். உங்க பேரு என்னம்மா?"

"என் பேரா? அது எதுக்கு?" என்றாள். பத்து வருஷமாகப் பழகியவள். அவள் பேர் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கடைசி வரை சொல்லவில்லை. அவர் கோபித்துக்கொள்வார், பணத்தைத் திருப்பித் தந்துவிடுங்கள் என்றாள். அவளைப் பார்த்து அடுத்தவள் கேட்டாள். நீங்கள் ஒருவரிடமும் முகம் சுளிக்காமல் கொடுத்து அனுப்பினீர்கள். செலவாகிப்போனதற்குக் கையில் கிடந்த வளையலைக் கழற்றினீர்கள். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

சொந்தப் பேரில் ரசீதை மாற்றிக்கொண்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நான் ஒருத்தி, என் வீட்டுக்காரர் அதற்காக என்னோடு பேசாமல் இருந்ததும் நினைவிருக்கும். எதிர் பிளாட் சரளாஜி ஒருத்தி. "அச்சா, சரளான்னு எழுதுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் இதை ஒருத்தர் கேக்கறாங்க" என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

டெபாசிட் போயிற்று. ஜெயித்தவள் முகத்தை ஐந்து வருஷத்தில் யார் பார்த்தார்கள்? நாற்காலியில் உட்கார்ந்தது அவள் புருஷன். வருகிறவன் போகிறவனெல்லாம் அவனைத்தான் கவுன்சிலர் சாப் என்றான். நீங்களோ, சாக்கடை அடைத்தால் அவனிடமே போய் நின்றீர்கள். அதெப்படி உங்களால் முடிந்தது, மதினி? எனக்கு அந்தப் பொறுமை வரவே இல்லை.

இந்தத் தடவை கட்சிக்காரர்கள் வந்தது உங்கள் வீட்டுக்கு, உங்கள் மருமகள் நந்தினியைக் கேட்டு. உங்கள் மகனுக்குத் தலைகால் புரியவில்லை. "பாபிஜி கை கூப்பினா போதும், பாக்கி செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார்களாம். நந்தினி, "யார் செலவு பண்றாங்க? கணக்கை நான் பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறாள். சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். டிக்கெட் வேறு ஒருவன் மனைவிக்குப் போய்விட்டது. மேடம் நிறைய கேள்வி கேட்கிறார் என்று உங்கள் மகனுக்குப் போனில் புத்தி வேறு.

முந்தாநாள் சாயங்காலம் வேட்புமனுவோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். சுயேச்சையாம். "அம்மா பட்டது பத்தாதா" என்று உங்கள் மகன் தள்ளி நிற்கிறானாம்.

"சின்னத்தை, எனக்கு பயமா இருக்கு. ஆனா நிக்கணும்னு இருக்கு. வசூலுக்கு நீங்க கூட வர்றீங்களா?"

முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். பட்டதெல்லாம் சொன்னேன். "இப்பவும் ஒண்ணும் மாறலட்டி. உன் வயசுக்காரிக வேலைக்குப் போறாளுவ, சம்பளம் வாங்குறாளுவ. கோயில் உண்டியல்ல போட ஒருத்தரையும் கேக்க மாட்டாளுவ. எலெக்‌ஷனுக்குன்னா மட்டும், அவர் வரட்டும், கேட்டுச் சொல்றேம்பாளுவ. அப்படியே குடுத்தாலும் திருப்பிக் கேப்பாளுவ."

"கேட்டா திருப்பிக் குடுத்துடலாம். அவங்க பணம்தானே?" என்றாள் அவள்.

எங்கிருந்து பிடித்தீர்கள் இவளை? தமிழ் வாசிக்கத் தெரியாது, வத்தக்குழம்பு வைக்கத் தெரியாது, பேச்சு மட்டும் அப்படியே நீங்கள்.

ஜெயிப்பாள் என்று நான் நினைக்கவில்லை, மதினி. உங்களிடம் எதற்குப் பொய் சொல்ல? டெபாசிட் இவளுக்கும் போகும். நான் ஓய்ந்துபோய்விட்டேன். இருந்தாலும், அவளைத் தனியாக மாடி ஏற விட எனக்கு மனம் வரவில்லை.

நாளைக் காலை சி பிளாக்கிலிருந்து தொடங்குகிறோம். உங்களுக்கு ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். கதவைத் திறக்கிறவளிடம் பணத்தைப் பற்றிப் பேசும் முன்னால் அவள் பேரைக் கேட்பேன். வீட்டுக்காரர் பேரைச் சொன்னால் மறுபடியும் கேட்பேன். அவள் வாயால் அவள் பேரைச் சொல்லும்வரை, கால் வலித்தாலும், அந்த வாசலை விட்டு நகர மாட்டேன்.

உங்கள் நாத்தனார்,
செண்பகம்