ஆனைமலைப் படமும் காலி நாற்காலியும்

உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாடை மூக்கில் ஏறியது. இன்றைக்கு உங்களுக்கு முதல் தெவசம். மாலை போட உங்கள் போட்டோ ஒன்றைக் காலையிலிருந்து தேடுகிறேன். பெட்டி நிறையப் படங்கள்தான், எல்லாம் நீங்கள் தேடித் தேடிச் சேர்த்த அந்த வெள்ளைக்காரன் படங்கள். நம் பாட்டன் காலத்தில் மதுரைப் பக்கம் வந்து மலையையும் கண்மாயையும் வரைந்துவிட்டுப் போனவனுக்கு வீட்டில் இத்தனை இடம். கட்டிய புருஷனுக்கு ஒரு மூலை கிடையாது.

ஸ்டூடியோவுக்குப் போவோம் என்றால், "என் மூஞ்சிக்கு இப்ப என்ன அவசரம்" என்பீர்கள்.

மகள் கலியாணத்தன்று போட்டோ பிடிக்கிறவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு காத்திருந்தார். உங்களைக் காணோம். சீமைக்குத் திரும்பும் துரை ஒருவர் கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பங்களாவில் சாமான்களோடு அந்த வெள்ளைக்காரன் படம் ஒன்றையும் ஏலம் விடுகிறார் என்று யாரோ சொல்ல, தாலி கட்டி முடிந்த கையோடு, "இந்தா வாரேன்" என்று பஸ் ஏறிவிட்டீர்கள். சம்பந்தியம்மா, "பொண்ணப் பெத்தவுக எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் படத்தில் என் பக்கத்து நாற்காலி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து சேர்ந்தீர்கள், சம்பந்தி வீட்டார் போட்ட பட்டு அங்கவஸ்திரத்தில் எதையோ சுற்றிக்கொண்டு. "இது அச்சடிச்சதில்ல, அவனே கைப்பட வர்ணம் தீட்டுனது. நம்ம ஆனைமலையப் பாரு, அம்புட்டும் அப்பிடியே இருக்கு" என்றீர்கள். நான் பார்க்கவில்லை. எரிச்சலில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கூடத்தில் அதை மாட்டிய பிறகு வெள்ளிக்கிழமைதோறும் சண்டைதான். சாமி படங்களுக்குச் சந்தனம் வைக்கிற கை, பழக்கத்தில் அதற்கும் போகும். "கண்ணாடியில வைக்காத, ஈரம் இறங்கிரும்" என்று ஓடி வருவீர்கள். ஐப்பசி மழையில் உங்கள் கம்பளியை எடுத்து அந்தப் படத்துக்குப் போர்த்திவிட்டு, விடிய விடிய இருமினீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு நான் அழுதுகொண்டிருந்தபோது, தெவசத்துக்கு வந்திருந்த மகள் என் கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். ஆனைமலைப் படத்தைக் காட்டி, "இதுக்கே மாலையப் போடும்மா. என் கலியாணத்தன்னைக்கு அப்பா இதுகிட்டதான இருந்தாரு" என்றாள்.

மாலையைப் போட்டேன். சந்தனத்தைக் குழைத்து எடுத்துக் கண்ணாடிக்குக் கொண்டுபோன விரல் பாதியில் நின்றுவிட்டது. பொட்டைச் சட்டத்தில்தான் வைத்தேன். ஈரம் இறங்கிவிடுமே.