மூவரும் நலம்

தச்சநல்லூர்
9.2.2024

அன்புள்ள மஹ்மூதாவுக்கு,

நலம்தானே? உன் காது மந்தமான பிறகு போனில் கத்துவது எனக்கு வெட்கம், உனக்கு வேதனை. நமக்குக் கடிதமே சரி.

நம் பள்ளியின் பழைய மாணவியர் மலர் வந்துவிட்டது. உன் பிரதி இத்துடன் வருகிறது. உன் கட்டுரையில் ஒற்றுப்பிழை ஏராளம். மலரின் ஆசிரியர் என்ற முறையில் திருத்தினேன். கடைசிப் பத்தியிலும் கை வைக்க வேண்டியிருந்தது. "மூத்த மூவர் நலம். இளையவன் அப்ரார், வாய்க்காலில் சாயக்கழிவு விடுவதைப் படமெடுத்துத் தன் யூடியூப் சேனலில் காட்டினான். கலவரம் தூண்டினான் என்று சிறையில் வைத்திருக்கிறார்கள். அவன் பொய் சொல்லவில்லை" என்று எழுதியிருந்தாய். அதை எடுத்துவிட்டு, "என் மக்கள் மூவரும் இறையருளால் நலம்" என்று முடித்திருக்கிறேன்.

கோபப்படாதே. அந்த வரிகளை யாராவது போனில் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினால் உன் வீட்டு வாசலில்தான் போலீஸார் வந்து நிற்பார்கள். அரசாங்கம் செய்தியை மறைத்தால் நானும் எதிர்ப்பேன். பொறுப்புள்ள ஒருவர் யோசித்து நிறுத்துவது வேறு. நம் பள்ளி வாசகசாலைப் பத்திரிகைகளில் சிஸ்டர் எமிலியானா சில படங்களின் மேல் பழுப்புத் தாள் ஒட்டுவாரே, அன்று சிரித்தோம். இன்று போனில் வருவதையெல்லாம் பார்த்தால் அவர் செய்ததே சரி என்று தோன்றுகிறது.

மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்,
பார்வதி

* * *

பேட்டை
15.2.2024

ஏட்டி பார்வதி,

ஸலாம். பார்சலைப் பிரித்தது என் மருமகள் தஸ்லிமா. அப்ராரின் மனைவி. நான் தொழுது முடித்து வருவதற்குள் வாசித்துவிட்டாள்.

"மாமி, ஒங்க பிள்ளையள்ல ஒண்ண நீங்களே கழிச்சிட்டியளே" என்றாள். உன் கடிதத்தைக் காட்டினேன். "ஒங்களக் கேக்காமலா போட்டிருப்பாவ?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து என் தட்டில் சோறு விழுகிறது, பேச்சு விழுவதில்லை.

சிஸ்டரைத் துணைக்கு இழுக்காதே. அவர் தாள் ஒட்டிய இடம் ஒட்டிய இடமாகத் தெரிந்தது. நீயும் நானும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோமே, மறந்துவிட்டதா? நீ ஒட்டியது தெரியவில்லை. வெட்டிவிட்டு வெற்றிடமாக விட்டிருந்தால், என்னமோ இருந்திருக்கிறது என்று படிப்பவருக்குத் தெரிந்திருக்கும். நீ உன் வாக்கியத்தை என் வாயில் வைத்து, கீழே என் பெயரைப் போட்டாய்.

என்னைக் காப்பாற்றினேன் என்கிறாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

மஹ்மூதா

* * *

தச்சநல்லூர்
19.2.2024

அன்புள்ள மஹ்மூதா,

உன் கடிதம் கடுமையாக இருந்தது. ஆசிரியர் பொறுப்பில் செய்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. தஸ்லிமாவுக்கு நீ பொறுமையாக எடுத்துச் சொல்.

பார்வதி

* * *

தச்சநல்லூர்
16.3.2024

மஹ்மூதா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கடுமையாக எழுதியது நீயல்ல, நான் என்பது புரியச் சில நாட்களாயிற்று.

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "மூவரும்" என்று எழுதும்போது அப்ராரை நான் நினைக்கவே இல்லை. வாக்கியம் நன்றாக முடிந்தது, அவ்வளவுதான். பயந்ததும் உனக்காக மட்டுமல்ல. மலர் வெளியீட்டு விழா மேடையில் பெரிய அதிகாரி பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

யாரும் எதையும் சொல்லலாம் என்று இன்றும் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் நிறுத்துகிறவர் நிறுத்திய இடத்தைக் காட்ட வேண்டும். அதைக்கூட நான் செய்யவில்லை.

அச்சகத்துக்குப் போய், நீ எழுதியதை எழுதியபடியே துண்டுத் தாளில் அடிக்கச் சொன்னேன். ஒற்றுப்பிழைகளோடுதான். "மேல ஒட்டுனா அசிங்கமா இருக்கும்லா அம்மா, புதுசா பக்கமே அடிச்சிருவோமே" என்றார் அச்சகக்கார எலியேசர். அசிங்கமாகத்தான் தெரிய வேண்டும் என்றேன். கைவசம் இருந்த பிரதிகளில் நானே பசை தடவி ஒட்டினேன். வாங்கிப் போனவர்கள் வீட்டுக்கும் போய் ஒட்டி வருகிறேன். சிலர் கதவைத் திறக்கவில்லை.

நேற்று உன் வீட்டுக்கும் வந்தேன். வாசலிலேயே தஸ்லிமா ஒட்டிய மலரை வாங்கி நின்றபடி படித்தாள். "மாமி எழுதினது இதுதானா?" என்றாள். இதுதான், அதை எடுத்தது நான் என்றேன். மலரை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "ஜெயில்ல அவுகளப் பாக்க மனுப் போட்டிருக்கேன். அங்கன கொண்டுபோய்க் காட்டுதேன்" என்றாள். உன்னைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "மாமி ஒறங்குதாவ" என்றாள்.

உள்ளே நீ இருமினாய். பள்ளி விடுதியில் பக்கத்துக் கட்டிலில் கேட்ட இருமல், எனக்குத் தெரியாதா? வாசலோடு திரும்பிவிட்டேன்.

இதற்கு நீ பதில் எழுதாமலே இருக்கலாம். அந்த இடத்தை என் வார்த்தைகளால் நான் நிரப்பிக்கொள்ள மாட்டேன்.

பார்வதி